அத்தியாயம் 3: கேரட்டும் சென்ட்டும் – வைரத்தின் எடையை அறிவது எப்படி?

மகள் கல்யாணத்துக்கு ஏழு கல் தோடு வாங்க ஓர் அம்மா கடைக்கு வருகிறார். கடைக்காரர் வெல்வெட் தட்டில் ஒரு ஜோடியை எடுத்து வைக்கிறார். "ஒண்ணு நாப்பது வருதும்மா. நல்ல கல்லு, பாருங்க." அம்மா தோட்டைத் திருப்பிப் பார்க்கிறார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், விலையைக் கேட்கிறார். அந்த "ஒண்ணு நாப்பது" என்ன என்று மட்டும் கேட்பதில்லை. ஒரு காதுக்கா, இரண்டு காதுக்குமா? ஒரு கல்லுக்கு எவ்வளவு? எடை போட்டுச் சொன்னதா, அட்டையில் எழுதியிருந்ததைப் படித்ததா?

வைரத்தின் நிறத்தையும் தெளிவையும் பட்டையையும் தரம் பிரிக்கப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். இரண்டு நிபுணர்கள் ஒரே கல்லுக்கு இரண்டு நிறத் தரம் சொல்வதும் உண்டு. எடையில் அந்தக் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. தராசு சரியாக இருந்தால் யார் போட்டாலும் ஒரே எண்தான் வரும். வாங்குபவர் தம் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய அம்சம் இது. அதனால்தான் மற்றவற்றுக்கு முன்பாக எடையைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன்.

கேரட், சென்ட், கிராம்

வைரத்தின் எடை அலகு கேரட். ஒரு கேரட் 200 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து கேரட் சேர்ந்தால் ஒரு கிராம். நமக்குப் பழகிய பவுன் கணக்கில் சொன்னால், எட்டு கிராம் எடையுள்ள ஒரு பவுன் 40 கேரட்டுக்குச் சமம்.

கேரட்டை நூறாகப் பிரித்தால் வருவது ஒரு சென்ட். நிலத்தில் நூறு சென்ட் ஓர் ஏக்கர் என்பதுபோல, வைரத்தில் நூறு சென்ட் ஒரு கேரட். வெளிநாட்டு நூல்களில் இதையே பாயின்ட் என்று எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான். 0.25 கேரட் என்றால் 25 சென்ட், அதாவது 50 மில்லிகிராம். ஒரு சென்ட் வெறும் 2 மில்லிகிராம்.

தங்கத்திலும் கேரட் என்ற சொல் உண்டு. அங்கே அது எடையைக் குறிப்பதில்லை, தூய்மையைக் குறிக்கிறது. 24 பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்பதே 22 கேரட், 18 கேரட் என்பதன் பொருள். வைர நகைகள் பெரும்பாலும் 18 கேரட் தங்கத்தில் செய்யப்படுவதால், ஒரே பில்லில் "18 கேரட்" என்றும் "1.40 கேரட்" என்றும் அடுத்தடுத்து வரும். முதலாவது தங்கத்தின் தரம், இரண்டாவது கல்லின் எடை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து வேறுபாடு காட்டுவதுண்டு. தமிழில் அந்த வசதி இல்லை. எந்தக் கேரட் என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

விதையில் தொடங்கிய கணக்கு

கேரட் என்ற பெயர் மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் கேரப் மரத்தின் விதையிலிருந்து வந்தது. அங்கே வணிகர்கள் அந்த விதையை எடைக்கல்லாகப் பயன்படுத்தினார்கள். எல்லா விதையும் ஒரே எடை என்று நம்பினார்கள். பிற்காலத்தில் அறிவியலாளர்கள் எடை போட்டுப் பார்த்தபோது, மற்ற மர விதைகளைவிட அவை சீரானவை அல்ல என்று தெரிந்தது.

நம் ஊர் எடையும் விதையில் தொடங்கியதுதான். குன்றிமணியும் மஞ்சாடியும் பொற்கொல்லரின் எடைகள். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் கோயிலுக்குக் கொடுத்த நகைகளைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடையோடு பட்டியலிடுகின்றன. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்ற பெயரில் ஓர் எடைக்கல், நகைகளை நிறுக்க தட்சிணமேருவிடங்கன் என்ற பெயரில் இன்னொன்று. எந்தக் கல்லால் நிறுத்தது என்பதையும் சேர்த்தே கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே, எடையைச் சொன்னால் மட்டும் போதாது, எதனால் எடுத்த எடை என்பதையும் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா வைரச் சுரங்கங்களுக்கு வந்த பிரெஞ்சு நகை வணிகர் தாவர்னியே, அங்கே வைரத்தை மாங்கெலின் என்ற அலகில் நிறுத்ததாக எழுதியிருக்கிறார். நம் மஞ்சாடியின் உறவுச் சொல் அது.

விதைக் கணக்கின் சிக்கல் என்னவென்றால், கேரட் ஊருக்கு ஊர் மாறியது. லண்டனில் ஒரு கேரட் ஏறக்குறைய 205 மில்லிகிராம், ஃபிளாரன்சில் ஏறக்குறைய 197. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் 1905இல் கல்லினன் வைரம் கிடைத்தபோது அதன் எடையை 3,025¾ கேரட் என்று அறிவித்தார்கள். இன்றைய நூல்களில் அதே கல் 3,106 கேரட். கல் வளரவில்லை, அலகுதான் மாறியது. 1907இல் எடை, அளவுகளுக்கான சர்வதேச மாநாடு 200 மில்லிகிராம் கொண்ட மெட்ரிக் கேரட்டை ஏற்றது. அமெரிக்கா 1913இலும் பிரிட்டன் 1914இலும் அதற்கு மாறின.

பாட்டி காலத்து நகையோடு பழைய எடைச் சீட்டு ஏதேனும் உங்கள் வீட்டில் இருந்தால், அதில் உள்ள கேரட் இன்றைய கேரட்டாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதேபோல் ராசிக்கல் விற்பவர்கள் சொல்லும் ரத்தியும் இடத்துக்கு இடம் மாறும். எந்தக் கணக்கில் சொன்னாலும், "இது எத்தனை கேரட், எத்தனை மில்லிகிராம்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

தராசில் ஒரு கல்

உதிரிக் கல்லை எடை போடுவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். வைரத்துக்கான தராசு சிறியது. தட்டைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு இருக்கும். மேலே சுழலும் மின்விசிறிக் காற்றும் நம் மூச்சும் பட்டால்கூட எண் ஆடும் என்பதால் அந்தக் கூண்டு. தராசின் ஓரத்தில் ஒரு சிறு வட்டத்துக்குள் நீர்க்குமிழி இருக்கும். அது நடுவில் நின்றால் தராசு சமமாக இருக்கிறது என்று பொருள். முதலில் அதைப் பாருங்கள்.

பிறகு, கூண்டை மூடிய நிலையில் எண் 0.000 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மடித்த காகிதப் பொட்டலத்திலிருந்து கல்லைச் சாமணத்தால் எடுப்பார்கள். வைரம் எண்ணெயை எளிதில் பற்றிக்கொள்ளும். விரல் பட்டால் பிசுக்கு ஒட்டும். அதனால் துடைத்துவிட்டு வைப்பார்கள். கூண்டை மூடியதும் எண் சற்று ஓடி நிற்கும். நின்ற பிறகு படித்த எண்ணே எடை.

நல்ல கேரட் தராசு மூன்று தசம இடம் வரை காட்டும், அதாவது ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்கு வரை. தங்கம் நிறுக்கும் தராசில் வைரத்தைப் போட்டால் என்ன ஆகும்? 0.01 கிராம் வரை மட்டும் காட்டும் தராசில் மிகச் சிறிய படியே 5 சென்ட். பத்து சென்ட் கல்லை அதில் போட்டுப் பயனில்லை. 0.001 கிராம் வரை காட்டினால் படி அரை சென்ட். இதை நினைவில் வைத்திருந்தால், எந்தத் தராசை நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

இந்தியாவில் வணிகத்துக்குப் பயன்படுத்தும் மின்னணுத் தராசு ஆண்டுதோறும் சட்டமுறை எடையளவுத் துறையால் சரிபார்த்து முத்திரையிடப்பட வேண்டும். தமிழ்நாட்டில் இந்தப் பொறுப்பு தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. தராசில் முத்திரையைத் தேடுவது அவமரியாதை அல்ல, உங்கள் உரிமை.

பரிசோதனைக்கூடங்கள் இன்னும் நுணுக்கமாக நிறுக்கின்றன. ஜெமாலஜிக்கல் இன்ஸ்டிடியூட் ஆஃப் அமெரிக்கா, சுருக்கமாக ஜிஐஏ, ஐந்து தசம இடம் வரை எடையெடுத்து, அறிக்கையில் இரண்டு இடமாகச் சுருக்கித் தருகிறது. மூன்றாம் இடத்தில் 9 இருந்தால்தான் மேலே ஏற்றுவார்கள். 0.998 எடையுள்ள கல் 0.99 என்றே பதிவாகும், 0.999 மட்டுமே 1.00 ஆகும். பள்ளியில் படித்ததுபோல் 5க்கு மேல் ஏற்றிக் கணக்கிடும் கடையில் அதே 0.998 "ஒரு கேரட்" ஆகிவிடும். அறிக்கையில் உள்ள எண்ணும் கடைத் தராசில் வரும் எண்ணும் ஒரு சென்டுக்குள் ஒத்துப்போக வேண்டும். அதற்கு மேல் வேறுபட்டால், அந்த அறிக்கை அந்தக் கல்லுக்கு உரியதுதானா என்று கேளுங்கள்.

கனமும் பெரிதும் ஒன்றல்ல

ஒரு கேரட் கல் அரை கேரட் கல்லைவிட இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். தெரியாது. எடை நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் சேர்ந்து கூடுகிறது. நம் கண்ணுக்குத் தெரிவது மேல்முகம் மட்டும். நன்றாகப் பட்டை தீட்டிய வட்டக் கல்லின் விட்டம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

- 5 சென்ட் – 2.4 மி.மீ.
- 10 சென்ட் – 3 மி.மீ.
- 25 சென்ட் – 4.1 மி.மீ.
- 50 சென்ட் – 5.1 மி.மீ.
- 1 கேரட் – 6.5 மி.மீ.
- 2 கேரட் – 8.1 மி.மீ.

எடை இரட்டிப்பானால் விட்டம் கால் பங்குதான் கூடுகிறது. விட்டம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் எடை எட்டு மடங்காக வேண்டும்.

ஒரே எடையுள்ள இரண்டு கல்லும் ஒரே அளவில் தெரியும் என்றும் சொல்ல முடியாது. ஒரு கேரட் கல் ஒன்று 6.5 மி.மீ. விட்டமும் 3.9 மி.மீ. ஆழமும் கொண்டது. இன்னொரு ஒரு கேரட் கல்லின் விட்டம் 6.2, ஆழம் 4.26. இரண்டாவது கல்லில் எடை அடியில் தொங்குகிறது. நகையில் பதித்தால் அது கண்ணுக்குத் தெரியாது. இதே 6.2 மி.மீ. விட்டத்தில் சரியான ஆழத்தோடு தீட்டிய கல் 90 சென்ட்தான் இருக்கும். தெரியாத பத்து சென்டுக்குப் பணம் கொடுப்பதோடு, அளவுக்கு மீறிய ஆழத்தால் ஒளி அடிவழியே நழுவிக் கல் மங்கியும் தெரியும்.

தீட்டுபவர் ஏன் அப்படிச் செய்கிறார்? மூலக் கல்லில் பாதிக்கு மேல் பட்டை தீட்டும்போதே போய்விடுவது வழக்கம். கோஹினூரை 1852இல் லண்டனில் மறுபடி தீட்டியபோது, பழைய கணக்கில் 186 கேரட், இன்றைய கணக்கில் ஏறக்குறைய 191 கேரட் இருந்த கல் 105.6 கேரட்டாகக் குறைந்தது. ஒளிக்காக எடையை இழப்பதா, எடைக்காக ஒளியை விடுவதா என்ற கேள்வி சூரத் பட்டறைகளில் இன்றும் ஒவ்வொரு கல்லிலும் எழுகிறது. ஆகவே எடையைக் கேட்கும்போதே விட்டத்தையும் கேளுங்கள்.

போலிக் கற்களில் எடைக் கணக்கே மாறும். அமெரிக்கன் டயமண்ட் என்று நாம் சொல்லும் ஜிர்கோனியாக் கல் வைரத்தைவிட அடர்த்தியானது. 6.5 மி.மீ. வைரம் ஒரு கேரட் என்றால், அதே அளவு ஜிர்கோனியா ஒன்றரைக் கேரட்டுக்கு மேல் நிறுக்கும். மாய்சனைட் வைரத்தைவிடச் சற்று லேசானது. ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கும் சுரங்க வைரத்துக்கும் அடர்த்தி ஒன்றுதான். அவை இரண்டையும் எடையால் பிரித்தறிய முடியாது. அதற்குப் பரிசோதனைக்கூட அறிக்கைதான் வழி.

பதித்த கல்லுக்கு என்ன செய்வது?

நகையிலிருந்து கல்லைக் கழற்றாமல் துல்லியமாக எடை போட முடியாது. அளந்து கணிக்கலாம். வட்டக் கல்லுக்கு நகைத் தொழிலில் உள்ள சூத்திரம் இது: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, பிறகு 0.0061ஆல் பெருக்க வேண்டும். அளவுகள் மில்லிமீட்டரில் இருக்க வேண்டும்.

6.5 × 6.5 × 3.9 × 0.0061 = 1.005. ஏறக்குறைய ஒரு கேரட்.

கல்லின் விளிம்பு தடித்திருந்தால் எடை சற்றுக் கூடும். பின்பக்கம் தங்கத்தால் மூடிய பழைய தோடு, மூக்குத்திகளில் ஆழத்தை அளக்கவே வழியில்லை. அங்கே சொல்லப்படும் எடை விட்டத்தை வைத்துச் செய்த ஊகம். பழைய நகையை மாற்றும்போது இந்த ஊகத்தை எடை என்று ஏற்காதீர்கள். கல்லைக் கழற்றி உங்கள் முன்பே நிறுக்கச் சொல்லுங்கள்.

புதிதாகச் செய்யக் கொடுப்பவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. பதிப்பதற்கு முன் கற்களைத் தனியாக நிறுத்து எழுதி வாங்குங்கள். மெருகு முடிந்த பிறகு நகையின் எடையிலிருந்து கல்லின் எடையைக் கழித்தால் தங்கத்தின் எடை வந்துவிடும். பத்தரிடம் பேசி முடிக்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது.

ஒண்ணு நாப்பதின் பொருள்

இப்போது அந்த ஏழு கல் தோட்டுக்கு வருவோம். ஒரு காதுக்கு ஏழு, ஜோடிக்குப் பதினான்கு கல். மொத்தம் 1.40 கேரட் என்றால் ஒரு கல் 10 சென்ட், விட்டம் 3 மி.மீ. ஒரு காதுக்கு 1.40 என்றால் ஒரு கல் 20 சென்ட். முற்றிலும் வேறு நகை, முற்றிலும் வேறு விலை. மொத்த எடையைக் கல்லின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் ஒன்றே பல தவறுகளிலிருந்து காப்பாற்றும்.

வைரத்துக்கு விலை கேரட் கணக்கில் போடப்படுகிறது. ஆனால் கேரட் விலை எல்லாக் கல்லுக்கும் ஒன்றல்ல. பெரிய கல் அரிது என்பதால் அதன் கேரட் விலையே உயர்ந்துவிடும். கணக்குக்காக 10 சென்ட் கல்லின் கேரட் விலை 60,000 ரூபாய் என்றும், ஒரு கேரட் தனிக் கல்லின் விலை 2,00,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். பத்து சிறு கற்கள் சேர்ந்து ஒரு கேரட் வந்தால் 60,000. ஒரே கல்லாக இருந்தால் 2,00,000. இரண்டு அட்டையிலும் "1.00 கேரட்" என்றே இருக்கும்.

விலை படிப்படியாகத் தாவுகிறது. 50, 70, 90 சென்ட், 1 கேரட், ஒன்றரைக் கேரட், 2 கேரட் ஆகியவை அந்தப் படிகள். உலக வைர வணிகம் பார்க்கும் ராப்பபோர்ட் விலைப்பட்டியலும் இந்தப் படிகளில்தான் பிரிகிறது. 1.00க்கும் 0.96க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விலையில் தெரியும். முழு எண் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர் படிக்குச் சற்றுக் கீழே உள்ள கல்லைத் தேடலாம். அரிதாகக் கிடைக்கும், கிடைத்தால் நல்ல வாங்கல்.

பொடிக்கற்கள் பதித்த நெக்லஸ், வளையலில் இன்னொன்றைக் கவனியுங்கள். நாற்பது கல், ஒவ்வொன்றும் 1.4 சென்ட். மொத்தம் 56 சென்ட். ஒவ்வொரு கல்லையும் "ரெண்டு சென்ட்" என்று முழுமையாக்கிப் பெருக்கினால் 80 சென்ட் ஆகிவிடும். பொடிக்கற்களை மொத்தமாக ஒரே தடவை நிறுத்த எடையைத்தான் கேட்க வேண்டும்.

பில்லில் பார்க்க வேண்டியது

தோட்டின் மொத்த எடை 5.400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வைரம் 1.40 கேரட், அதாவது 0.280 கிராம். கழித்தால் தங்கம் 5.120 கிராம். தங்கத்தின் விலையும், சேதாரமும், கிராம் கணக்கில் போடும் செய்கூலியும் இந்த 5.120க்குத்தான் கணக்கிடப்பட வேண்டும். மொத்த எடைக்குப் போட்டால், வைரத்துக்கு வைர விலையும் கொடுத்து, அதே எடைக்குத் தங்க விலையும் கொடுக்கிறீர்கள். கேரட்டை ஐந்தால் வகுத்தால் கிராம். இந்த ஒரு வகுத்தலைக் கடையிலேயே செய்துவிடுங்கள்.

கடைக்குப் போகுமுன் இந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்:

1. சொன்ன எடை ஒரு கல்லுக்கா, மொத்தத்துக்கா, ஒரு காதுக்கா, ஜோடிக்கா?
2. கல்லின் எண்ணிக்கை என்ன? வகுத்தால் ஒரு கல் எத்தனை சென்ட்?
3. விட்டமும் ஆழமும் எத்தனை மில்லிமீட்டர்?
4. நிறுத்த எடையா, கணித்த எடையா?
5. தராசு எத்தனை தசம இடம் காட்டுகிறது? முத்திரை இருக்கிறதா?
6. அறிக்கையில் உள்ள எடை தராசில் வருகிறதா?
7. பில்லில் மொத்த எடை, கல் எடை, தங்க எடை மூன்றும் தனித்தனியாக உள்ளனவா?

நேர்மையான வியாபாரி இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கமாட்டார். தராசை உங்கள் பக்கம் திருப்பி வைப்பார். திருப்ப மறுக்கும் கடையில், கல் எவ்வளவு மின்னினாலும், வாங்காமல் எழுந்து வாருங்கள்.